பேப்பர் போட்ட 115 பேர்

எங்கள் டீமில் ஒரே காலாண்டில் நான்கு பேர் பேப்பர் போட்டார்கள். "கத்துக்குடுத்தா கிளம்பிடுறாங்கப்பா" என்று மேனேஜர் புலம்பினார். எனக்கு டாக்கா ஞாபகம் வந்தது.

1970களின் இறுதி. புயல், போர், பஞ்சம் என்று அடிமேல் அடி வாங்கிய வங்கதேசத்துக்கு ஏற்றுமதி என்றால் சணல்தான். உலகமோ செயற்கை இழைக்கு மாறிக்கொண்டிருந்தது. தென் கொரியாவுக்கு வேறு சிக்கல். சட்டை தைக்கத் தெரியும், விற்க முடியாது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணிமணி வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் 1974 முதல் கோட்டா போட்டிருந்தன. வங்கதேசம் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இன்னும் வரவில்லை.

கொரியாவின் தேவூ நிறுவனமும், முன்னாள் அரசு அதிகாரி நூருல் காதர் தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸும் கைகோத்தன. 1979இல் 130 பேர் பூசானுக்குப் போய் ஆறு மாதம் பயிற்சி எடுத்தார்கள். தையல் மட்டுமல்ல, தரம் பார்ப்பது, ஆலையை நடத்துவது, சரக்கை விற்பது வரை கற்றார்கள்.

அரசு இரண்டு விதிகளை மாற்றியது. ஏற்றுமதிக்கான துணியை வரி கட்டாமல் இறக்கி, சுங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வைக்கலாம். வெளிநாட்டு ஆர்டருக்கு வந்த எல்.சி.யைக் காட்டியே துணி வாங்க இன்னொரு எல்.சி. திறக்கலாம். அதாவது, கையில் பெரிய முதல் இல்லாதவரும் ஆலை போடலாம்.

அப்புறம் நடந்ததுதான் கதை. 1987க்குள் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு விலகிவிட்டார்கள். சொந்தமாக ஆலை தொடங்கினார்கள், அல்லது மற்றவர்களின் ஆலைகளில் சேர்ந்தார்கள். தேஷுக்கு நஷ்டம்தான். ஆனால் அவர்கள் கொண்டுபோன வித்தை நூற்றுக்கணக்கான ஆலைகளுக்குப் பரவியது. பின்னாளில் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், இந்தத் தொழிலில் சம்பளம் வாங்கினார்கள்.

அதே காலத்தில் நம்ம ஊரில் ஆயத்த ஆடை சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய ஆலை வந்தால் சின்னவர்கள் வேலை போய்விடும் என்ற நியாயமான பயம். 2000களின் தொடக்கத்தில்தான் அது தளர்ந்தது. வேலையைக் காப்பாற்றப் போட்ட வேலி, புது வேலையையும் வெளியே நிறுத்தியது.

அப்படியானால் டாக்கா வென்றதா? 2013 ஏப்ரல் 23 அன்று ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேலே இருந்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு வரவைக்கப்பட்டார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள்.

பூசான் போய்வந்தவர்களால் ஒரு ஆலை வேண்டாமென்றால் இன்னொன்றுக்குப் போக முடிந்தது. முழு வேலையும் கையில் இருந்தது. நாளெல்லாம் காலர் மட்டும் தைத்த பெண்ணால், விரிசலைப் பார்த்த பிறகும், "இன்னைக்கு வரமாட்டேன்" என்று சொல்ல முடியவில்லை.

எத்தனை வேலை உருவானது என்று எல்லா அரசும் எண்ணுகிறது. அந்த வேலையை உதறிவிட்டுப் போகக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ண வேண்டும். எங்கள் டீமின் நான்கு பேரையும் நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.