தரைக்குக் கீழே

கி.பி. 749இல் (ஹி. 131) ஷாம் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் பைத்துல் முகத்தஸிலுள்ள மஸ்ஜிதுல் அக்ஸா பெரிதும் சிதைந்தது. பழுதுபார்க்கப் பொருளுதவி வேண்டி மக்கள் முறையிட்டபோது, அப்பாஸிய கலீஃபா அபூ ஜஃபர் அல்-மன்ஸூர் பள்ளியின் கதவுகளிலிருந்த பொன், வெள்ளித் தகடுகளைக் கழற்றி, தீனார்களாகவும் திர்ஹம்களாகவும் அச்சிடச் செய்தார் என்பர் வரலாற்றாசிரியர். பின்னர் 1033இலும் (ஹி. 425) அப்பள்ளி நிலநடுக்கத்தால் சேதமுற்றது. ஃபாத்திமிய கலீஃபா அழ்-ழாஹிர் அதனைப் புதுப்பித்தபோது, 15 இடைகழிகள் ஏழாகக் குறைக்கப்பட்டன. கட்டடம் நிலைபெற, அழகையும் அகலத்தையும் விட்டுக்கொடுத்தனர் முன்னோர்.

நம் சென்னைக்கும் இச்செய்தி அந்நியமன்று. 2001 செப்டம்பர் 25 அன்று, இஷாத் தொழுகைக்குப் பின்னான வேளையில், புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் தோன்றிய 5.5 அளவிலான நிலநடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. மறு ஆண்டில் வெளியான இந்தியத் தரநிர்ணயம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தியது.

அந்த அதிர்வுக்குப் பின் புளியந்தோப்பில் நண்பர் ஒருவரின் பழைய வீட்டுக்குச் சென்றிருந்தோம். கூடத்தின் தரை ஒரு மூலையில் தாழ்ந்திருந்தது. அவருடைய முதிய தாயார் அங்கே ஒருமுறை இடறி விழுந்துமிருந்தார். மகளின் நிகாஹ்வுக்கு முன் பள்ளத்தைக் காரையால் நிரப்பி, மேலே பளிங்குக்கல் பதிக்க நண்பர் எண்ணியிருந்தார். கொத்தனாரோ தரையைத் தட்டிப் பார்த்து, ‘உள்ளே வெற்றிடம்’ என்றார். பெயர்த்தபோது, கசிந்த கழிவுநீர்க் குழாய் பல்லாண்டுகளாக மண்ணை அரித்திருந்தது தெரிந்தது. ஓட்டேரி நல்லா ஓடும் அத்தாழ்நிலத்தில் இது வியப்பன்று. பள்ளம் முன்பே உருவாகியிருந்தது. அதிர்வு அதனை வெளிப்படுத்தியது, அவ்வளவே.

முதலில் குழாயை மாற்றினர். பின் மணலை அடுக்கடுக்காய்க் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, ஜல்லிக் கான்கிரீட் இட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தனர். சுவரில் சாய்வான வெடிப்பு இருந்தால் பொறியாளர் பார்க்கும்வரை தரையில் கைவைக்கலாகாது என்றும் கொத்தனார் எச்சரித்தார். மாடித் தரை சரிந்திருப்பின் கான்கிரீட் ஊற்றி மட்டமாக்குவது ஆபத்து. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கனமே சுமார் 24 கிலோ சுமை. கட்டடத்தின் எடை கூடக்கூட, நில அதிர்வின் விசையும் கூடும்.

பளிங்குக்கல்லுக்கென வைத்திருந்த பணம் மண்ணுக்கடியில் போயிற்று. நிகாஹ் அன்று அக்கூடத்தில் வெறும் சிமெண்டுத் தரைமீதே பாய்கள் விரிக்கப்பட்டன. நண்பரின் தாயார் ஒருவர் கையையும் பற்றாமல் நடந்துவந்து அமர்ந்தார்.