பாதுஷாவுக்கு ஒரு கோச்சு வண்டி

அந்நிய தேசத்துக்குப் போகிறவனுக்கு அந்த நாட்டின் முதல் பாடம் சுங்கச்சாவடியிலே நடக்கிறது. அதற்குப் பாஷை தெரிய வேண்டிய அவசியமில்லை. மூட்டையில் என்ன இருக்கிறது, அதில் நமக்கென்ன என்று கேட்கிற கண்களைப் புரிந்துகொண்டால் போதும். இந்தப் பாடத்தை நம் நாட்டில் கற்றுக்கொண்ட ஓர் ஆங்கிலப் பிரபுவைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்கு வெகு நாளாக எண்ணம். அவர் பெயர் ஸர் தாமஸ் ரோ.

1615-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் தூதர் என்ற விருதோடு அவர் சூரத்துக்கு அருகே வந்து இறங்கினார். விருது மன்னருடையது, செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. முகலாய ராஜ்யத்தில் தடையின்றி வியாபாரம் செய்ய நிலையானதோர் உடன்படிக்கை பெற்று வரவேண்டும் என்பது கட்டளை. அவருடைய நாட்குறிப்பு 1899-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த பதிப்பில் கிடைக்கிறது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, கதாசிரியர்கள் பலர் பொறாமைப்படக்கூடிய புத்தகம் அது என்று தோன்றியது.

இறங்கிய இடத்திலேயே தகராறு. சூரத் சுங்கக்காரர்கள் தூதரின் பரிவாரத்தைச் சோதனையிட வேண்டும் என்றார்கள். மன்னரின் பிரதிநிதியையும் அவர் ஆட்களையும் தொட்டுத் தடவிப் பார்ப்பதாவது என்று துரைக்கு ரோஷம். சுங்கக்காரர்கள் மீது முழுப் பழியும் போடுவதற்கில்லை. முன்பு வந்த கம்பெனி ஆட்களில் சிலரும் தங்களைத் தூதர் என்று சொல்லிக்கொண்டவர்களே. பாதுஷாவுக்கென்று கொண்டுவந்த காணிக்கைப் பொருள்களோ சூரத் அதிகாரிகளின் கண்ணில் பட்டுவிட்டன. அவற்றை மீட்டுக்கொண்டு நகர்வதற்குள் துரைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் துறைமுகத்தின் வருமானம் இளவரசர் குர்ரம், அதாவது பிற்காலத்து ஷாஜஹான், அனுபவித்துவந்த வருமானம். ஆகவே டில்லி, ஆக்ரா என்று முறையிட்டாலும், முறையீடு இளவரசர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

1616 ஜனவரியில் அஜ்மீரில் ஜஹாங்கீரின் தர்பார். ரோ சமர்ப்பித்த காணிக்கைகளில் ஒரு கோச்சு வண்டியும், வர்ஜினல் என்கிற நரம்புப் பெட்டி வாத்தியமும், கத்திகளும், சித்திரத் தையல் வேலை செய்த மேலாடை ஒன்றும் இருந்தன. பாதுஷா எல்லாவற்றையும் பிரியமாகவே பார்த்தார். தூதர் அகன்ற பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஆட்களை விட்டு இழுக்கச் சொன்னார். பிறகு அங்கிருந்த பாதிரியாரை அழைத்து, இவ்வளவு சொற்ப விலையுள்ள பொருள்களை அனுப்புகிற இங்கிலாந்து மன்னர் நிஜமாகவே பெரிய அரசர்தானா என்று விசாரித்தாராம்! பிற்பாடு அந்த வண்டியின் உட்பட்டு மாற்றப்பட்டது. பித்தளை ஆணிகள் போய் வெள்ளி ஆணிகள் வந்தன. அதே மாதிரியில் இன்னொரு வண்டியும் தயாராயிற்று. ஆங்கில வண்டி நூர்ஜஹானுக்குப் போயிற்று.

இங்கேதான் துரை குழம்பினார். பாதுஷாவைப் பார்க்க வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. அதற்கு நஜர் என்றும் பேஷ்கஷ் என்றும் பெயர். அது சபையறியக் கொடுப்பது; பதிலுக்குக் கிலத் என்கிற மரியாதை உடுப்பும் பதவியும் வருவதுண்டு. நம் பழந்தமிழில்கூடப் பெரியோரைக் காணப் போகிறவன் கொண்டுபோவதைக் கையுறை என்று சொன்னார்கள். கையுறை வேறு, கையூட்டு வேறு. கையுறை மரியாதைக்காகக் கொடுப்பது. நியாயமாக நமக்குச் சேரவேண்டியதை நமக்கே விலைக்கு விற்றால் அது கையூட்டு. ஆனால் நாள்தோறும் வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு, ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. ராஜாவுக்கு நஜர் கொடுக்கப் போகிறவன், வழியில் வாயில்காப்போனுக்கும் ஏதாவது கொடுக்கிறான். அது வழக்கமாகிப் போகிறது. வழக்கமாகிப் போனதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் மாமூல்.

துரையின் நாட்குறிப்பில் இந்த மாற்றத்தை மாதக்கணக்கில் பார்க்கலாம். முதலில் கோபம், பிறகு அலுப்பு, அதன் பிறகு கணக்கு. 1616 முடிவதற்குள் அவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னைப் போன்ற தூதர் இங்கே தேவையில்லை; எனக்காகும் செலவில் பாதியைக் கொண்டே இந்தத் தர்பார் முழுவதையும் உங்களுக்கு அடிமையாக்கிவிடலாம் என்பது அதன் கருத்து. மறு வருஷம் அவரே ஒரு படி இறங்கினார். அரசியின் சகோதரர் ஆஸப்கான் அதிகாரம் மிக்கவர். அதுவரை துரைக்கு அவ்வளவாக அநுகூலமில்லாதவர். ஒரு பெரிய முத்து துரையிடம் வந்தது. அதை வேறு யாருக்கும் காட்டாமல் ஆஸப்கானுக்கே அடக்க விலைக்குக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஆஸப்கான் சிநேகிதரானார். விலை வாங்கிக்கொண்டு கொடுத்ததை லஞ்சம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. ஆனாலும் அந்த முத்து போனபிறகு காரியங்கள் நகர்ந்தன.

இத்தனைக்கும் பிறகு 1619-இல் அவர் ஊர் திரும்பியபோது கையில் இருந்தவை சில சலுகைகள்தாம். நாடிவந்த உடன்படிக்கை கிடைக்கவில்லை. ஜஹாங்கீர் தம் சுயசரிதையில் தூதரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

"பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே நம்மவர்கள் இப்படி" என்று பெருமூச்சு விடுகிற வாசகர்களுக்கு ஒரு செய்தி. ரோ புறப்படுவதற்கு நாலு வருஷம் முன்பு, 1611-இல், அவருடைய மன்னர் ஜேம்ஸ் பாரோனெட் என்ற புதுப் பட்டத்தை உண்டாக்கி, தலைக்கு 1,095 பவுன் வாங்கிக்கொண்டு வழங்கினார். ரோ திரும்பி இரண்டு வருஷத்தில், 1621-இல், இங்கிலாந்தின் பிரதம நீதிபீடத்தில் இருந்த பிரான்ஸிஸ் பேக்கன், வழக்காடிகளிடம் வெகுமதி வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டு பதவி இழந்தார். வாங்கினேன், ஆனால் தீர்ப்பை விற்கவில்லை என்பது அந்த மகா ஞானியின் சமாதானம். சூரத் சுங்கக்காரனும் அதையே சொல்லியிருப்பான்.

பிற்பாடு வேஷம் மாறிற்று. 1744-இல் ராபர்ட் கிளைவ் சென்னைக்கு வந்தபோது கம்பெனி குமாஸ்தாவின் சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். 5 பவுனில் யாரும் கடல் கடந்து குடித்தனம் நடத்த முடியாது. மிச்சத்தைச் சொந்த வியாபாரத்திலே தேடிக்கொள்ளலாம் என்பது எழுதாத ஒப்பந்தம். 1757-இல் பிளாசிக்குப் பிறகு வங்காள நவாப் அவருக்கு அளித்த வெகுமதி மட்டும் 2,34,000 பவுன். நஜர் கொடுக்கவந்த வம்சம் நஜர் வாங்கத் தொடங்கிவிட்டது. 1773-இல் பார்லிமெண்டு இனி வெகுமதி வாங்கக்கூடாதென்று சட்டம் செய்தது. காரன்வாலிஸ் பிரபு, 1786-இல் வந்தபிறகு, கலெக்டர்களின் சொந்த வியாபாரத்தை நிறுத்தி, மாதம் 1,500 ரூபாய் சம்பளமும் வசூலில் ஒரு பங்கும் ஏற்படுத்தினார். துரைமார்கள் ஓரளவு சுத்தமானார்கள்.

கீழே இருந்த நம்மவர்களுக்கு அந்தச் சம்பளம் வரவில்லை. 1793-ஆம் வருஷத்துச் சாசனச் சட்டத்துக்குப் பிறகு பெரிய உத்தியோகங்களின் கதவும் அவர்களுக்குத் திறக்கவில்லை. 1854-இல் சென்னை ராஜதானியில் ஒரு விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. நிலவரி வசூலிக்கக் குடியானவர்களை வெயிலில் நிறுத்தியும் குனியவைத்துக் கட்டியும் வதைத்த கதைகள் அதன் அறிக்கையில் இருக்கின்றன. அற்பச் சம்பளம் வாங்கும் சேவகனின் கையில் பெரிய அதிகாரத்தைக் கொடுத்ததன் பலனும் அதிலே தெரிகிறது.

ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்தவுடன் செய்த காரியங்களுள் ஒன்று, ஆக்ரா கோட்டையிலிருந்து 60 மணிகள் கோத்த பொற்சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டது. அதிகாரிகள் நியாயம் வழங்கத் தவறினால், எவனும் வந்து அசைக்கலாம். பாதுஷாவின் காதில் விழும். மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த மணிகளிடம் பிரியம் உண்டாவது இயற்கை. ஆனால் ரோ துரையின் நாட்குறிப்பைப் படித்த பிறகு என் மனம் மணியில் நிற்கவில்லை. மணிக்குப் போகிற பாதையில் நிற்கிறது. தூதருக்காவது விற்க ஒரு முத்து இருந்தது. அந்தப் பாதையில் காத்திருக்கிற குடியானவனுக்கு மாதச் சம்பளமும் மனச்சாட்சியும் உள்ள ஒரு வாயில்காப்போன் வேண்டும். சங்கிலியைப் பொன்னால் செய்வதைவிட அவனைத் தேடி நியமிப்பது கடினமான ராஜ காரியம்.