வால்டர் பெஸன்ட்டின் கணக்குப் புத்தகம்

1884 ஏப்ரல் 25ந் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வால்டர் பெஸன்ட் என்ற நாவலாசிரியர் நாவல் கலையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்த நம்மில் பெரும்பாலோருக்கு அந்தச் சொற்பொழிவு தெரியாது. அதே வருஷம் செப்டம்பரில் ‘லாங்மன்ஸ் மாகஸின்’ பத்திரிகையில் ஹென்றி ஜேம்ஸ் அதற்கு எழுதிய பதில்தான் தெரியும். பெஸன்ட் நமக்கு ஜேம்ஸின் கட்டுரையில் அடி வாங்குகிற ஆள். இலக்கியத் தரம் என்ற அளவில் இது நியாயமான தீர்ப்பே. ஆனால் அதே 1884ல் அவர் முன்னின்று அமைத்த நூலாசிரியர் சங்கமும், 1890 மே மாதம் சங்கத்துக்காக அவர் தொடங்கிய ‘தி ஆதர்’ என்ற மாதப் பத்திரிகையும் வேறு விஷயம். எழுதுகிறவனுக்கு உபயோகமான பத்திரிகை என்று ஒன்று இருக்க முடியுமா, முடியுமானால் அதில் என்ன அச்சாக வேண்டும் என்ற கேள்வியில் ஜேம்ஸைவிட பெஸன்ட்டிடம்தான் நாம் போக வேண்டியிருக்கிறது.

சொற்பொழிவை முதலில் முடித்துவிடலாம். நாவல் ஓவியத்தையும் சங்கீதத்தையும் போல ஒரு நுண்கலை. அதற்கும் விதிகள் உண்டு. அந்த விதிகளைச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது பெஸன்ட்டின் வாதம். நாவலைக் கலை என்று சொல்லத் தயங்கிய சமூகத்தில் வாதத்தின் முன்பாதி துணிச்சலானது. பின்பாதி பள்ளிக்கூடம். நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள், தெரிந்ததை மட்டும் எழுது, அமைதியான கிராமத்தில் வளர்ந்த பெண் ராணுவ முகாமை எழுதப் போகாதே என்கிற ரீதியில் போகிறது. அனுபவத்துக்கு எல்லை ஏது என்று ஜேம்ஸ் கேட்டார். பாரிஸில் படியேறிப் போகையில் திறந்திருந்த கதவு வழியே ஒரு பாதிரியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைக் கண்ட பெண் எழுத்தாளர் ஒருவர், அந்த ஒரு கணப் பார்வையை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையையே எழுதியதை அவர் எடுத்துக் காட்டினார். டிசம்பரில் ஸ்டீவன்ஸனும் இந்தச் சர்ச்சையில் கலந்துகொண்டார். எழுத்து நுணுக்கத்தைப் பற்றி அன்று முதல் இன்று வரை வரும் பத்திரிகைகளில் பெரும்பகுதி, ஜேம்ஸ் உடைத்துப் போட்ட பெஸன்ட்டின் அந்தப் பின்பாதியைத்தான் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது.

பெஸன்ட்டின் மற்ற முகம் சுவாரஸ்யமானது. (அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அன்னி பெஸன்ட் இவருடைய தம்பி ஃபிராங்க்கின் மனைவி, 1873ல் கணவரைப் பிரிந்தவர். அந்தக் குடும்பப் பெயருக்கு இங்கே அறிமுகம் அவரால்தான்.) அன்று இங்கிலாந்தில் புழங்கிய ஒப்பந்தங்களில் ஒன்று ‘பாதி லாபம்’ என்பது. புத்தகச் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பதிப்பாளரும் ஆசிரியரும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவு எவ்வளவு என்று சொல்பவர் பதிப்பாளர். காகிதக்காரர் தந்த தள்ளுபடியைத் தான் வைத்துக்கொண்டு கணக்கில் முழு விலையைப் பற்று எழுதலாம். தன் சொந்தப் பத்திரிகையில் விளம்பரம் போட்டுவிட்டு, காசே கைமாறாத அந்த விளம்பரத்துக்கு முழுக் கட்டணம் போடலாம். புத்தகக் கடைக்குப் பன்னிரண்டு பிரதி விலைக்குப் பதிமூன்று தருவது வேறு வியாபார வழக்கம். அந்தப் பதிமூன்றாவது பிரதி ஆசிரியர் கணக்கில் தலைகாட்டாது. எல்லாப் பதிப்பாளரும் இப்படிச் செய்தார்கள் என்பதில்லை. செய்தால் தெரிந்துகொள்ள ஆசிரியருக்கு வழி இல்லை என்பதுதான் விஷயம்.

பாங்கில் ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எழுதியவர் திருடர் என்பதால் அல்ல. பெஸன்ட் கேட்டதும் இந்த இரண்டாவது கையெழுத்தைத்தான். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும் என்றார். அதற்கு முன்னால் ஆசிரியருக்குக் கணக்குப் புரிய வேண்டுமே. 1889ல் சங்கம் ‘உற்பத்திச் செலவு’ பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டது. அச்சுக் கோர்ப்பு, காகிதம், பைண்டு எல்லாவற்றுக்கும் என்ன ஆகும் என்று அதில் தொகை போட்டிருந்தது. மறுவருஷம் ஸ்பிரிக் எழுதிய ‘பதிப்பு முறைகள்’ வந்தது. அதன் பின் ‘தி ஆதர்’. மோசமான ஒப்பந்த ஷரத்துகளை எடுத்துப் பிரித்துக் காட்டுவது, ஆசிரியரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போடும் பேர்வழிகளைப் பற்றி எச்சரிப்பது, காப்புரிமைச் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்வது ஆகியவையே அதன் ஜீவன். பெஸன்ட் 1901ல் சாகும் வரை அதை நடத்தினார். சங்கத்தின் முதல் தலைவர் டென்னிஸன். அவருக்குப் பின் மெரிடித், பின் ஹார்டி. இந்தப் பெயர்கள் கௌரவத்துக்கு. வேலை நடந்தது கணக்குப் பக்கங்களில்.

பலன் இல்லாமலில்லை. பதிப்பாளர்களும் 1896ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1900லிருந்து புத்தகத்தைக் குறித்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற ஒப்பந்தம் அமலாயிற்று. விலை நிலையாக இருந்தால்தானே பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டி கணக்குப் போடுவதும் எளிது? ஏ. பி. வாட் போன்ற ஏஜெண்டுகளைப் பெஸன்ட் ஆதரித்ததில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. கணக்கைத் தானே படிக்கக் கற்றுக்கொள் என்றவர், படிக்க ஒரு ஆளை வைத்துக்கொள் என்பதில் போய் நின்றார்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கதை வேறு மாதிரிப் போயிற்று. 1887லேயே பாஸ்டனில் இரண்டு பத்திரிகைக்காரர்கள் ‘தி ரைட்டர்’ என்று ஒன்று ஆரம்பித்தார்கள். 1920ல் சின்சினாட்டியிலிருந்து ‘ரைட்டர்ஸ் டைஜஸ்ட்’ வந்தது. எந்தப் பத்திரிகை எந்த மாதிரிக் கதைக்கு என்ன தரும் என்ற சந்தை நிலவரம் இவற்றின் மையம். இதை இழிவாகச் சொல்லவில்லை. நெல் விலை தெரியாமல் நெல் விற்கப் போகக் கூடாது. ஆனால் விலையைச் சொல்கிறவரே விதைக்க வேண்டியதையும் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். கவிஞர்களுக்கு இவற்றால் லாபம் குறைவு. நியூயார்க்கில் 1970ல் அமைந்த ‘பொயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ்’ 1973ல் ‘கோடா’ என்று ஒரு செய்தி மடல் போட்டது. எப்படி எழுதுவது என்ற உபதேசத்தைவிட நிதியுதவி, ஒப்பந்தம், கவிதை வாசிப்பு பற்றிய தகவலுக்கே அது இடம் தந்தது. 1987ல் அமைப்பின் பெயரிலேயே முழுப் பத்திரிகையாயிற்று. பெஸன்ட்டின் வாரிசு என்று நான் சொல்வது இதை.

நாவல் எழுதி ஜெயிக்காதவன் நாவல் எழுதக் கற்றுக்கொடுப்பதாக விளம்பரம் செய்து பிழைக்கும் கோலத்தை முதலில் பிடித்தவர் ஜார்ஜ் கிஸ்ஸிங் என்று நினைக்கிறேன். 1891ல் வந்த ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’டில் வெல்ப்டேல் என்று ஒரு பாத்திரம். அவனைக் கிஸ்ஸிங் வெறுக்கவில்லை. அதுதான் படிக்கும்போது உறைக்கிறது. சந்தை தெரிந்த மில்வெய்ன் மேலே போகிறான், எழுதத் தெரிந்த ரியர்டன் செத்துப் போகிறான், வெல்ப்டேல் சௌக்கியமாக இருக்கிறான். அந்த ஜூன் மாத ‘தி ஆத’ரில் பெஸன்ட் இந்த நாவலைக் குறிப்பிட்டு, இப்படிப்பட்ட வாழ்க்கை உண்மைதான் என்று சாட்சி சொன்னார். அடுத்த மாதம் அதே பத்திரிகையில் ஆண்ட்ரூ லாங் இத்தனை இருட்டா என்று ஆட்சேபித்தார். லாங் வசதியாக எழுதி வாழ்ந்தவர். கிஸ்ஸிங் அந்த நாவலை ஸ்மித் எல்டர் கம்பெனிக்கு 150 பவுனுக்கு மொத்தமாக விற்றிருந்தார். பாதி லாபம், ராயல்டி, பதிமூன்றாவது பிரதி எதுவும் அவருக்குப் பொருந்தாது. அந்த 150க்குப் பிறகு கணக்கு என்று எதுவும் வர வேண்டியதில்லை.