தவளம் மாட்டிலிருந்து ஹைபிரிட் வரை: கலஹா வீதியும் நமது வண்டிப் பழக்கங்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் புதிதாக லைசன் எடுத்த பிள்ளை இருந்தால் அவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அதற்குப் பிறகு நமது பக்கமும் புதிய கார்கள் வருகின்றன. வண்டி புதியது, வீதி பழையது, ஓட்டும் பழக்கம் சில இடங்களில் இரண்டு தலைமுறைக்கு முந்தியது. ஒரு காலத்து வண்டிக்குப் பொருந்திய பழக்கம், அந்த வண்டி இரும்புக்குப் போன பிறகும் நம் கையிலும் காலிலும் தங்கிவிடுகிறது. அவற்றில் சில காப்பாற்ற வேண்டியவை. சில இன்றைய வண்டியில் உயிருக்கே ஆபத்து. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள அதன் வரலாறு தெரிய வேண்டும்.

*மாடும் கரத்தையும்*

மலையில் சுமை ஏற்றி இறக்குவது நமது சமூகத்துக்குப் புதிய தொழில் அல்ல. கண்டி இராச்சிய காலத்தில் அரசனின் போக்குவரத்துத் திணைக்களம் 'மடிகே பத்த' எனப்பட்டது. அதில் முஸ்லிம்களுக்கு முக்கிய இடம் இருந்தது. பொதி மாடுகளின் வரிசைக்குத் தவளம் என்று பெயர். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும், மலையிலிருந்து பாக்கு கீழே போகும். பேராசிரியை லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம்.

பிறகு பிரித்தானியர் வீதி போட்டார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி கடுகண்ணாவை மலையைக் குடைந்து ஏறியது. அந்த வேலையில் ஈடுபட்டு 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவுத் தூண் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. நமக்குப் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே ஆண்டில்தான் ரயில் கண்டிக்கு வந்தது. ஆனால் ரயில் நமது மலைக்கு ஏறவில்லை. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துச் சுமைகளை மாட்டுக் கரத்தைகளும் பிற்காலத்தில் லொறிகளுமே சுமந்தன. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே புறப்பட்டு, ஹிந்தகல, நில்லம்ப வழியாக வளைந்து வளைந்து ஏறுகிற நமது வீதி அந்தத் தோட்டக் காலத்தின் பிள்ளை. கரத்தையின் வேகத்துக்கு வெட்டிய வளைவுகளில்தான் இன்று நாம் கார் ஓட்டுகிறோம்.

*முதல் மலைப் பாடம்*

மோட்டார் காருக்கு ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் அதை நீண்ட தூரம் ஓட்டிக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஓகஸ்ட்டில் இரண்டு மகன்மாரோடு மன்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீற்றர் போனார். எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். ஏற்றம் வந்தபோது வண்டி இழுக்கவில்லை, இறங்கித் தள்ளினார்கள். இறக்கம் வந்தபோது மரப் பிரேக் கட்டை தேய்ந்தது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கட்டையின் மேல் தோல் அடித்துக் கொண்டார். இன்று நாம் 'பிரேக் லைனர்' என்று மாற்றுவதன் தொடக்கம் அதுதான். பயணத்துக்குப் பிறகு பென்ஸின் வண்டியில் ஏற்றத்துக்கென்று இன்னொரு தாழ்ந்த கியர் சேர்ந்தது.

உலகின் முதல் நெடும் பயணமே இரண்டு பாடங்களைத் தந்துவிட்டது. மலைக்குத் தாழ்ந்த கியர் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. கலஹாவுக்கு இன்றும் இந்த இரண்டும்தான் பாடம்.

*ஸ்டார்ட் பண்ணுவதே வீரமாக இருந்த காலம்*

இலங்கைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் வந்தது. 1904இலேயே இங்கு மோட்டார் சங்கம் அமைந்துவிட்டது. அன்று காருக்குச் சொந்தக்காரர்கள் தோட்டத் துரைமாரும் கொழும்புச் செல்வந்தர்களும்தான். ஸ்டார்ட் பண்ண முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். (கைச்சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் பொறிமுறையை 1206இல் அல்-ஜஸரி தனது நூலில் நீர் இறைக்கும் இயந்திரத்தில் விளக்கியிருக்கிறார் என்பதை நமது பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இன்றைய எஞ்சினுக்குள் அதே தத்துவம் எதிர்த்திசையில் நடக்கிறது.)

எஞ்சின் சில வேளை பின்னுக்கு உதைக்கும். கைப்பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். அதனால் பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் சுழற்றினால் வண்டி சுழற்றியவர் மேலேயே ஏறும். சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டாட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்ததோடு இந்த ஆபத்து குறையத் தொடங்கியது. ஆனால் 'முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு நியூட்ரல், அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்' என்ற வரிசை அந்தக் கைப்பிடிக் காலத்தில் பிறந்தது. இந்தப் பழக்கத்தை விடக்கூடாது.

*மொரிஸ் மைனர் விட்டுச் சென்றவை*

நமது நாட்டில் பல குடும்பங்களின் முதல் கார் மொரிஸ் மைனர் அல்லது ஒஸ்டின். 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் துருக்கியின் இஸ்மீர் நகரில் பிறந்தவர். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1960களிலிருந்து 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்ததால், இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அதனால் அந்த வண்டியின் பழக்கங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டன. அவற்றில் நான்கைப் பார்ப்போம்.

ஒன்று, ஸ்டார்ட் பண்ண முன்பு எக்ஸலேட்டரை இரண்டு மூன்று தரம் மிதிப்பது. காபரேற்றர் எஞ்சினில் அது குளிர் காலையில் கொஞ்சம் பெற்றோலை உள்ளே அனுப்பும், சோக்கும் இழுப்போம். இன்றைய எஞ்சினில் எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்பதைக் கணினியே அளக்கிறது. காலை எடுத்துவிட்டுச் சாவியை 'ஒன்' வரை திருப்பி, விளக்குகள் எரிந்து அடங்கச் சில நொடி பொறுத்து, பிறகு ஸ்டார்ட் பண்ணினால் போதும். எஞ்சின் ஓடிய பிறகும் ஒயில் விளக்கு அல்லது பிரேக் விளக்கு எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது. பழைய வண்டிகளில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய் வழி. டிரம் பிரேக், ஒயில் குறைந்திருந்தால் பல தரம் மிதித்தால்தான் பிடிக்கும். ஏ.பி.எஸ். உள்ள காரில் அவசரத்தில் ஒரே தரமாக அழுத்தி, அழுத்தியபடியே இருக்க வேண்டும். கால் கீழே அதிரும், பயந்து எடுத்துவிடாதீர்கள். விட்டு விட்டு மிதிக்கும் வேலையை நொடிக்குப் பல தரம் அதுவே செய்கிறது.

மூன்று, பற்றரி பலவீனமானால் வண்டியைச் சரிவில் நிறுத்தி வைத்து, காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது. ஓட்டோமெட்டிக் காரில் இது நடக்காது. ஆனால் சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜும்ஆ நேரத்தில் பாருங்கள், சரிவில் எத்தனை வண்டி, கீழே எத்தனை பிள்ளைகள். பழைய லொறி கிளீனர்மார் வண்டி நின்றதும் முதலில் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைப்பார்கள். அதுவும் விடக்கூடாத பழக்கம்.

நான்கு, எல்லாவற்றிலும் ஆபத்தானது: இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறக்குவது.

*நியூட்ரல்*

பெற்றோல் மிச்சம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். காபரேற்றர் காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. 2022 நெருக்கடியில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்த நாட்களில் பலரும் இந்தப் பழைய பழக்கத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கணக்கு தலைகீழ். கியரில் வைத்துக் காலை எடுத்து இறங்கினால், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன. கணினி பெற்றோலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரல் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் பிடிக்க நினைப்பவர் உண்மையில் கூடுதலாகச் செலவழிக்கிறார்.

அதைவிடப் பெரிய விடயம் வெப்பம். ஒரு டன் எடையுள்ள கார் 300 மீற்றர் உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி, சுமார் ஒன்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் தாங்கும். நியூட்ரலில் இறங்கினால் பெரும்பாலானது பிரேக்கிலேயே போய் விழும். பிரேக் ஒயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதில் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி நசுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. 'நல்லாத்தான் இருந்தது, திடீரென்று பிரேக் போய்விட்டது' என்று நாம் கேட்கும் கதைகளில் பல இப்படித்தான் உண்டாகின்றன.

சிலர் எஞ்சினையே அணைத்து இறக்குகிறார்கள். எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் காற்று வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனக்கும், சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தயவுசெய்து வேண்டாம்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைநாட்டு மூத்த சாரதிமாரின் விதி. இரண்டாம் கியரில் ஏறிய சரிவை இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஓட்டோமெட்டிக்கில் 'டி'க்குக் கீழே உள்ள 'எல்', '2', 'எஸ்', ஹைபிரிட்டில் 'பி' என்ற ஆங்கில எழுத்து எல்லாம் இதற்குத்தான். பலர் வாங்கிய நாளிலிருந்து அந்த எழுத்தைத் தொட்டதே இல்லை.

*இன்றைய வரிசை*

புறப்பட முன்:
1. வண்டியைச் சுற்றி ஒரு நடை. டயர், கீழே ஒயில் ஒழுக்கு, பின்னால் சின்னப் பிள்ளை.
2. ஆசனம், கண்ணாடி, பிறகு பெல்ட். மூன்று முனைப் பெல்ட்டை 1959இல் வொல்வோவின் நில்ஸ் போலின் உருவாக்கினார். அந்தக் கம்பனி அதை எல்லோரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. பின் ஆசனத்தில் இருப்பவர்களும் போடுங்கள். பிள்ளையை மடியில் வைத்து முன்னால் உட்காராதீர்கள். மோதலில் எந்த உம்மாவின் கையும் தாங்காது.
3. ஹேண்ட் பிரேக், நியூட்ரல் அல்லது 'பி', பிரேக்கில் கால், பிறகு ஸ்டார்ட். ஹைபிரிட்டில் சத்தம் வராது. 'ரெடி' விளக்கு எரிந்தால் வண்டி ஓடத் தயார் என்று அர்த்தம். அந்த நிலையில் பிள்ளைகளை உள்ளே விட்டு இறங்காதீர்கள்.
4. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

வீதியில்:
5. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது மலைநாட்டு மரியாதை. கண்ணுக்கு மறைந்த வளைவில் முந்தாதீர்கள்.
6. பிரேக் மணந்தால் அல்லது மிதி மென்மையானால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி முழுதாக ஆற விடுங்கள்.
7. பிரேக் போய்விட்டால் சாவியைத் தொடாதீர்கள். கியரைப் படிப்படியாகக் குறையுங்கள், மிதியைப் பல தரம் மிதித்துப் பாருங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். கடைசி வழி, பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்து மண்ணோடு உரசுவது.

நிறுத்தும்போது:
8. ஹேண்ட் பிரேக் போட்டு, ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஓட்டோமெட்டிக்கில் முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு 'பி'. உருண்டால் மண்ணிலோ கல்லிலோ முட்டும்படி முன் சில்லைத் திருப்பி, ஒரு கட்டை வையுங்கள்.
9. பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றச் சொல்லுங்கள்.

2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். இரண்டும் நமது வீதி போன்ற மலை வீதிகள். அந்தச் செய்திகளுக்குக் கீழே 'இன்னாலில்லாஹி' எழுதினோம், துஆ செய்தோம். அதோடு நமது பொறுப்பும் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பது மத்ரஸாவில் நாம் படித்த முதல் பாடங்களில் ஒன்று. பயண துஆ ஓதிவிட்டு நியூட்ரல் போடுவது அந்தப் பாடத்தோடு பொருந்தாது.

தவளம் ஓட்டிய நமது மூத்தவர்கள் மாட்டின் மூச்சைக் கேட்டு நடையைக் குறைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நாமும் வண்டியின் மூச்சைக் கேட்போம். நமது ஊரின் பழைய கார், லொறி, பஸ் படங்கள் யாரிடமாவது இருந்தால் கீழே பதிவிடுங்கள். மூத்த சாரதி நானாமாரே, உங்கள் இறக்க அனுபவங்களையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது பயன்படும்.

வஸ்ஸலாம்.