பேர்

இலங்கையின் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் "இன்னைக்கு பேரு விழுந்துச்சா?" என்று கேட்டால் அது கூலியைப் பற்றிய கேள்வி. நிறுவையில் சொன்ன கிலோ வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர்.

பழைய சொல்தான். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் பெயரியல் என்று தனி இயலே உண்டு. பேச்சில் பெயர் என்பது பேர் ஆகி, 'பத்துப் பேர்' என ஆளையும் குறித்தது. தோட்டத்தில் அதற்கும் ஒரு படி மேலே போய், ஆளின் ஒரு நாள் உழைப்பாகவே ஆகிவிட்டது. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பேருக்கு நேரே அன்றைய வேலை பதிந்தால்தானே சம்பளம்!

கூலிக்கான பேர் இருக்கட்டும்; சொந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு பூர்வீகத்தைத் தேடலாமா என்று இளைஞர்கள் பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். அயலிலுள்ள சிங்களவருக்கு 'முதியன்சேலாகே' போன்ற வீட்டுப் பேர் தலைமுறை தலைமுறையாக வருகிறது. தமிழ்நாட்டில் எழுத்தறிந்த குடும்பங்கள் ஊரை முதலெழுத்தில் வைத்துக்கொண்டன. உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம், சி.என். அண்ணாதுரையின் 'சி' ஆங்கிலத்தில் Conjeevaram என்று எழுதப்பட்ட காஞ்சிபுரம். தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியோடு தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தவர்களுக்கு அப்படி ஓர் எழுத்து வாய்க்கவில்லை. தகப்பன் பேரே முதலெழுத்து, அதுவும் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். தகப்பன் பேர் ராமசாமி என்பதற்காக ராமசாமி வம்சத்தைத் தேடுவது வீண் அலைச்சல்.

ஆவணமும் கைகொடுக்காது. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பேர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம். பூட்டனுக்கும் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர்களிடம் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. அந்தச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே கேள்விக்குப் பதில் எழுதுகிறார்கள். பாட்டன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்திருந்தாலோ கட்டம் வெறுமையாகவே கிடக்கும். எந்த ஊர் என்று அந்தப் படிவம் கேட்பதே இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

பேரைவிடக் குலதெய்வத்தை நம்பலாம் என்பேன். எந்தச் சாமி, எந்த ஊர்க் கோயில் என்பது வீட்டுக் கும்பிட்டில் தங்கியிருக்கும். அடுத்தது பெரிய கங்காணி. அவர் பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் சொந்தபந்தத்திலும்தான் ஆள் பிடித்தார். அவருடைய ஊர் தெரிந்தால் பாதித் தூரம் வந்த மாதிரி.

அப்பாயி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் 'ராமநாதபுரம்' 1985இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. அது இன்றைய சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கலாம். புதுப்பட்டி என்ற பேரிலும் எத்தனையோ ஊர்கள். பக்கத்தில் எந்தச் சந்தைக்குப் போனார்கள், எந்த ஆற்றைக் கடந்தார்கள் என்பதையும் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.