சென்னை மாகாணச் சட்டசபை (1921–1937)

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைப் புகுத்தியது. கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. நிதியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே நின்றன. இந்த ஏற்பாட்டின்படி அமைந்த சென்னைச் சட்டசபையை (லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்) கன்னாட் கோமகன் 1921 ஜனவரி 12 அன்று தொடங்கிவைத்தார்.

உறுப்பினர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்குரிய இடங்களில் 28 பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. முஸ்லிம்கள், இந்தியக் கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்கும், நிலக்கிழார்கள், பல்கலைக்கழகம், வணிக அமைப்புகள் ஆகியவற்றுக்கும் தனித் தொகுதிகள் இருந்தன. மேலும் 29 பேரை ஆளுநர் நியமித்தார். வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்திருந்ததால், ஏறத்தாழ நான்கு கோடி மக்களில் பன்னிரண்டரை லட்சம் பேரே வாக்காளர்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் குரல் பெரும்பாலும் நியமனத்தின் வழியாகத்தான் அவைக்குள் வந்தது. எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அவ்வாறு வந்தவர்களே. பொதுச் சாலை, கிணறு ஆகியவற்றை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று சீனிவாசன் அவையில் வாதாடியது, அந்த நியமன இடங்களால் விளைந்த பெரும் பயன்.

முதல் நான்கு ஆண்டுகளுக்கு அவைத் தலைவரை ஆளுநரே நியமிப்பார், பிறகு உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பர் என்பது சட்டத்தின் ஏற்பாடு. முதல் தலைவர் பெருங்காவூர் இராஜகோபாலாச்சாரி, கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் திவானாக இருந்தவர். பின்னாளில் மாகாணப் பிரதமரான இராஜாஜி வேறு. முதல் தலைவருக்குப் பின் 1924இல் வந்த எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை, இந்தியக் காலக்கணிதத்தில் பேரறிஞர். இன்றும் கல்வெட்டு நாட்களைக் கணிப்பவர்கள் அவர் வகுத்த பட்டியல்களை நாடுகிறார்கள். 1925இல் அவர் மறைந்தபின் எம். இரத்தினசாமியும், தொடர்ந்து சி. வி. எஸ். நரசிம்ம ராஜுவும் அப்பொறுப்பை வகித்தனர். 1930 முதல் 1937 வரை பி. இராமச்சந்திர ரெட்டி தலைவராக இருந்தார்.

காங்கிரஸ் புறக்கணித்த 1920 தேர்தலில், பிராமணரல்லாதார் நலனை முன்வைத்த நீதிக்கட்சி 63 இடங்களை வென்றது. அ. சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். சில மாதங்களில் உடல்நலக் குறைவால் அவர் விலக, பனகல் அரசர் பொறுப்பேற்று 1926 வரை நீடித்தார். 1923 நவம்பரில், நீதிக்கட்சியிலிருந்து பிரிந்த சி. ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பனகல் முறியடித்தார். 1926இல் அதிக இடங்களை வென்ற, காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி பதவியேற்க மறுத்ததால், சுயேச்சையான ப. சுப்பராயன் அமைச்சரவை அமைத்தார். 1930இல் முனுசாமி நாயுடுவும், 1932இல் பொப்பிலி அரசரும் முதல் அமைச்சர்களாக வந்தனர்.

பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தை இச்சபை 1921இலேயே நிறைவேற்றியது. அதைவிட அழுத்தமான தடம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியுடையது. நியமன உறுப்பினராக வந்த அவரை 1927இல் அவை துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தேவதாசி முறைக்கு எதிராக அவர் கொண்டுவந்த சட்டத் திருத்தம் 1929இல் நிறைவேறி, மானிய நிலம் பெற்றிருந்த தேவதாசிகளைக் கோயில் ஊழியக் கட்டிலிருந்து விடுவித்தது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகினார்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சியை நீக்கியது. 1937இல் 215 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றம் கீழவையாகவும், பழைய பெயரைத் தாங்கிய கவுன்சில் மேலவையாகவும் அமைந்தன. காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்த புதிய கீழவைக்குப் புலுசு சாம்பமூர்த்தி சபாநாயகரானார். ருக்மிணி லட்சுமிபதி துணைச் சபாநாயகரானார்.