கைம்மாறு கேட்ட கடிதம்

செய்த உதவியை நினைவூட்டிப் பதிலுதவி கேட்பது எளிதான செயலன்று. கடனாகக் கொடுத்த பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்டுவிடலாம். அதற்குத் தொகை உண்டு, தவணை உண்டு. அண்டை வீட்டார் நோயுற்றிருந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்கும், நள்ளிரவில் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு உடன் சென்றதற்கும் எந்த ஏட்டிலும் கணக்கில்லை. மொய் எழுத நோட்டு வைத்திருக்கும் நம் மக்களிடமும் இதற்கென்று ஒரு நோட்டு இல்லை. ஆகவே நமக்கு ஒரு தேவை வரும்போது, கேட்பதற்குள் நா கூசுகிறது. கேட்டால் சொல்லிக்காட்டியதாகிவிடுமோ என்ற அச்சம். 'சொல்லிக்காட்டுதல்' என்ற சொல்லிலேயே நம் மொழியில் ஒரு கசப்பு ஏறியிருப்பதை எவரும் அறிவர்.

இக்கூச்சம் பழமையானது. நம் ஆண்டவரின் திருத்தூதர்கள் வாழ்ந்த முதல் நூற்றாண்டிலேயே, உரோமை நகரின் மெய்யியலறிஞர் செனெக்கா நன்மை செய்தலையும் பெறுதலையும் குறித்து ஏழு புத்தகங்கள் கொண்ட ஒரு பெருநூலை எழுதினார். நன்மை செய்தவர் அதனை உடனே மறந்துவிட வேண்டும், பெற்றவர் ஒருபோதும் மறக்கலாகாது என்பது அவர் வகுத்த நெறி. பெற்றவர் மறந்துவிட்டால் என் செய்வது? நினைவூட்டலாமா? இக்கேள்வியை ஐந்தாம் புத்தகத்தில் எடுத்துக்கொள்ளும் அவர், ஒரு முதிய போர்வீரனின் கதையைச் சொல்கிறார்.

அவ்வீரனுக்கும் அவனுடைய அண்டை நிலத்தாருக்கும் பாதைத் தகராறு. வழக்கு ஜூலியஸ் சீசர் முன்னிலையில் நடக்கிறது. வீரன் பக்கம் தோற்கும் நிலை. அப்போது அவன் வழக்கை விட்டுவிட்டுச் சீசரிடம் வேறொன்றைக் கேட்கிறான். ஸ்பெயின் நாட்டில் சூக்ரோ அருகே உமக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது நினைவிருக்கிறதா? கடும் வெயிலில், நிழல் குறைந்த ஒரு மரத்தடியில் அமர விரும்பியபோது ஒரு வீரன் தன் மேலாடையை விரித்தானே, அது நினைவிருக்கிறதா? சீசருக்கு நன்றாகவே நினைவிருந்தது. நடக்க முடியாமல் தாகத்தால் தவித்தபோது அவ்வீரன்தான் தன் தலைக்கவசத்தில் நீர் மொண்டு வந்தான் என்று அவரே தொடர்ந்தார். அந்த மனிதனையோ அந்தத் தலைக்கவசத்தையோ இப்போது கண்டால் அடையாளம் தெரியுமா என்றான் முதியவன். கவசம் தெரியாது, ஆள் நன்றாகத் தெரியும், நீ அவன் அல்லன் என்றார் சீசர், விசாரணைக்கு நடுவே பழங்கதை பேசுகிறானே என்ற எரிச்சலோடு. அறியாததில் வியப்பில்லை, அன்று என் உடல் முழுமையாக இருந்தது. பின்னர் முண்டாப் போரில் ஒரு கண்ணை இழந்தேன், மண்டையிலிருந்து எலும்பை எடுத்தார்கள். அந்தக் கவசமும் வாளால் பிளந்துபோயிற்று என்றான் அவன். முண்டாப் போர் நடந்தது கி.மு. 45-இல். சீசர் வழக்கை அத்துடன் நிறுத்தி, பாதை சென்ற நிலத்தையே அவனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு கவசம் நீருக்கு ஒரு நிலம்! நீதி வழங்கும் முறை இதுவா என்று கேட்கத் தோன்றுகிறது. எதிர்த்தரப்பு அண்டை வீட்டாரின் நிலையை எண்ணிப் பார்க்கச் செனெக்காவுக்கு நேரமில்லை. ஆனால் கேட்டவிதம் அவருக்குப் பிடித்திருந்தது. எல்லாரிடமும் இது பலிக்கும் என்று அவர் நம்பவுமில்லை. பழைய நட்பைச் சொல்லி நினைவிருக்கிறதா என்று தொடங்கிய ஒருவரைத் திபேரியுப் பேரரசர் இடைமறித்து, தாம் முன்பு என்னவாக இருந்தார் என்பதே தமக்கு நினைவில்லை என்று வாயடைத்ததையும் அடுத்தாற்போல் எழுதிவைத்திருக்கிறார்.

செனெக்காவின் உடன்பிறந்தவர் ஒருவர் அக்காயா நாட்டின் ஆளுநராக இருந்தார். அவர்தான் கொரிந்து நகரில் புனித பவுல்மீது கொண்டுவரப்பட்ட வழக்கைத் தள்ளிவிட்ட கல்லியோ (திப 18). தம்பியின் நூலைப் பவுல் படித்தாரா என்பதன்று இங்கே செய்தி. இருவரும் ஒரே உலகத்தில் வாழ்ந்தனர். நன்மை பெற்றவன் நன்மை செய்தவனுக்குக் கட்டுப்பட்டவன் என்ற எழுதாச் சட்டம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

பவுல் அச்சட்டத்துக்கு அஞ்சியவர் என்றே சொல்ல வேண்டும். கொரிந்து சபையாரிடம் அவர் உதவி பெற மறுத்தார். கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். அவருக்குக் குறை ஏற்பட்டபோது மாசிதோனியாவிலிருந்து வந்தவர்களே அதனை நிறைவு செய்தார்கள். பிலிப்பியரிடம் மட்டும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டதாக அவரே எழுதுகிறார். வணிகர் கணக்கேட்டில் வழங்கிய சொற்களையே அங்கே பயன்படுத்துகிறார். பிறர் கையை எதிர்பார்த்தால் நாவின் உரிமை குறைந்துவிடும் என்பதை அறிந்த மனிதர் அவர். பங்குப் பணியில் இருக்கும் எவருக்கும் இது விளங்கும்.

இத்தகைய மனிதர் ஒருமுறை, தாம் செய்த நன்மையை நினைவூட்டிக் கைம்மாறு கேட்டார். அதுவே பிலமோனுக்கு எழுதிய திருமுகம். மொத்தம் 25 வசனங்கள், ஒரே இயல். சிறையிலிருந்து எழுதியது. உரோமையில் கி.பி. 60-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது மரபு. கொலோசைக்கு அருகிலிருந்த எபேசில் சில ஆண்டுகள் முன்னதாகவே எழுதப்பட்டது என்பாரும் உளர். பிலமோன் வசதியுள்ளவர்; அவர் இல்லத்தில் திருச்சபை கூடிவந்தது; அவருக்கு ஓர் அடிமை இருந்தான். பெயர் ஒனேசிம். கிரேக்கத்தில் 'பயனுள்ளவன்' என்று பொருள். அடிமைகளுக்கு வழக்கமாக இடும் பெயர்தான். அவன் எப்படியோ பவுலிடம் வந்து சேர்ந்தான். ஓடிப்போனவன் என்று பொதுவாகச் சொல்கிறோம். திருமுகத்தில் அச்சொல் இல்லை. தலைவனின் சினத்துக்கு அஞ்சி, அவனுடைய நண்பரிடம் பரிந்துரை நாடிச் செல்லும் அடிமையை ஓடிப்போனவனாகக் கருதலாகாது என்று உரோமைச் சட்ட அறிஞர் எழுதியது உண்டு. ஒனேசிம் அப்படிச் சென்றிருக்கலாம். எவ்வாறாயினும், ஓடிப்போன அடிமை என்று பிடிபட்டவனின் நெற்றியில் சூடு போடும் காலம் அது. அவன் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார் பவுல்.

கட்டளையிட உரிமையிருந்தும் அன்பின் பெயரால் வேண்டுவதாகத் தொடங்குகிறார். தாம் முதியவர், கைதி என்கிறார். முன்பு பயனற்றிருந்தவன் இப்போது பயனுள்ளவன் என்று ஒனேசிமின் பெயரை வைத்தே சொல் விளையாட்டு ஆடுகிறார். பிறகு, தம்மைப் பங்காளி என்று கருதினால் அவனைத் தம்மைப் போலவே ஏற்கச் சொல்கிறார். (பங்காளி என்றதும் நமக்கு வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும், பவுல் சொல்வது முதலிலும் இலாபத்திலும் கூட்டாளியை.) அவன் ஏதேனும் தவறு செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், அதைத் தம் பற்றில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். இந்த இடத்தில் எழுத்தரிடமிருந்து எழுதுகோலை வாங்கித் தம் கைப்பட எழுதுகிறார், தாமே செலுத்துவதாக. அக்காலக் கடன் பத்திரங்களில் காணும் சொல்லே அங்கும் நிற்கிறது. அது கையொப்பமிட்ட பிணைமுறி.

அடுத்த வரியில்தான் அந்த நினைவூட்டல் வருகிறது. பிலமோன் தம்மையே பவுலுக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார். பிலமோன் கிறிஸ்துவை அறிந்தது பவுல் வழியாகவே என்பது இதன் பொருள். கடிதமோ பிலமோனுக்கு மட்டும் எழுதப்படவில்லை; அப்பியாவுக்கும், அர்க்கிப்புக்கும், வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. அண்டை அயலார் அனைவரும் கூடியிருக்க இது உரக்க வாசிக்கப்பட்டிருக்கும். பிலமோனின் முகத்தை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். சொல்லிக்காட்டுதலில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் படித்ததில்லை.

ஆயினும் இதில் கசப்பு இல்லை. ஏனெனில் வரவேண்டிய கடன் முழுவதையும் பவுல் மற்றொருவன் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறார். முதிய வீரன் தன் நிலத்துக்காகக் கேட்டான். கொரிந்தில் ஒரு காசும் பெறாதவர், ஒரே ஒருமுறை தம் பழைய நன்மையைச் செலவிடுகிறார். அதுவும், கேட்பதற்கு வாயற்ற ஒருவனுக்காக. பிளினி என்ற உரோமைப் பெருமகன் இதேபோலத் தம் நண்பர் சபினியானுக்கு, விடுதலை பெற்ற ஓர் ஊழியனை மன்னிக்குமாறு எழுதிய கடிதமும் நம் கைக்கு வந்திருக்கிறது. அழகான கடிதம். அவன் அழுதான், வருந்தினான், இளைஞன், மன்னித்துவிடும் என்கிறார். இரக்கம் கேட்கிறார் பிளினி. அந்த ஊழியனைத் தம் இடத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்கவில்லை.

பவுல் கேட்காமல் விட்டதும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. இனி அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்றவர், அவனுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக்கொடு என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு மேலும் செய்வாய் என்று அறிவேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த மௌனத்தைப் பின்வந்தோர் தமக்கேற்ப நிரப்பிக்கொண்டனர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1833-இல் சார்ல்ஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர், அடிமைகள் கூடிய சபையில் இத்திருமுகத்தை வைத்து, ஓடிப்போவது பாவம் என்று போதித்தார். கேட்டோரில் பாதிப்பேர் எழுந்து வெளியேறினர் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அப்படியொரு திருமுகம் விவிலியத்திலேயே இல்லை என்றனர் சிலர். முதலாளிகளை மகிழ்விக்கவே போதிக்கிறார் என்றனர் வேறு சிலர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட அம்மக்கள், படித்த போதகரைவிடப் பவுலை நன்கு புரிந்துகொண்டிருந்தார்கள் என்பேன். நம் கத்தோலிக்க நாடுகளும் இதில் தலைநிமிர இயலாது. திருத்தந்தை 13-ஆம் லியோ இதே திருமுகத்தை எடுத்துக்காட்டி அடிமைமுறையைக் கண்டித்துப் பிரேசில் ஆயர்களுக்கு மடல் எழுதியது 1888 மே 5-இல். அந்நாட்டில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் அதே மாதம் 13-ஆம் நாள் வந்தது. அதற்கு முன் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அங்கே திருப்பலியும் அடிமைச் சந்தையும் அருகருகே நடந்தன.

ஞாயிறு திருப்பலியில் இத்திருமுகம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறன்று இரண்டாம் வாசகமாக வருகிறது. அவ்வாசகம் 17-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. பற்றில் எழுதிக்கொள்ளச் சொல்வதும், கைப்பட எழுதிய பிணையும், சொல்லாமல் சொன்ன பழைய கடனும் அதற்கு அடுத்த இரு வசனங்களில்தான் உள்ளன. அவற்றைக் கேட்க விரும்புவோர் இரட்டைப்படை ஆண்டில் பொதுக்காலம் 32-ஆம் வாரத்தின் வியாழனன்று கோவிலுக்கு வரவேண்டும். அந்த வாசகமும் 20-ஆம் வசனத்தோடு நின்றுவிடும். 22-ஆம் வசனத்தில் பவுல் மேலும் ஒரு சிறு உதவி கேட்கிறார்: தமக்குத் தங்க ஓர் இடம் ஆயத்தம் செய்து வைக்க வேண்டுமாம். நேரில் வந்து, ஒனேசிம் அவ்வீட்டில் எங்கே அமர்ந்து உண்கிறான் என்று பார்க்கப்போகிறார்.